வினையோடு ஒட்டும் மாற்றுப்பெயர்: ஸ்பானிய மொழிப் பாடத்துக்கு ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மொழிப் பக்கத்தில் வெளிவரும் ஸ்பானிய மொழிப் பாடத்தைத் தவறாமல் படித்து வருகிறேன். சென்ற வாரப் பாடத்தில், 'அதை', 'என்னை', 'அவருக்கு' என்று பொருள்தரும் மாற்றுப்பெயர்களை வினைக்கு முன்னாலும் எழுதலாம், பின்னாலும் எழுதலாம் என்று ஒரே வரியில் சொல்லி முடித்திருந்தார்கள். எந்த வினைக்கு முன்னால், எந்த வினைக்குப் பின்னால் என்று சொல்லாமல் விட்டதால், அந்த வரி படிப்பவரை நேராகப் பிழையில் கொண்டுபோய் விடுகிறது. பல ஆண்டுகளாக இம்மொழியைக் கற்பித்து வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

'அதைப் படிக்க விரும்புகிறேன்' என்ற வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். 'கியெரோ' என்றால் விரும்புகிறேன், 'லெயெர்' என்றால் படிக்க, 'லோ' என்றால் அதை. இதை ஸ்பானிய மொழியில் 'கியெரோ லெயெர்லோ' என்றும் சொல்லலாம், 'லோ கியெரோ லெயெர்' என்றும் சொல்லலாம். முதல் வாக்கியத்தில் மாற்றுப்பெயர் 'லெயெர்' என்ற எச்சத்தின் வாலில் ஒட்டி, இடைவெளியோ இணைப்புக்கோடோ இல்லாமல் ஒரே சொல்லாகிறது. இரண்டாவதில் அது காலமும், தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற இடமும் காட்டும் 'கியெரோ' என்ற முற்றுவினைக்கு முன்னால் தனிச்சொல்லாக நிற்கிறது. 'கியெரோ லோ லெயெர்' என்பது தவறு. ஆனால் நம் கை தானாக எழுதுவது அதைத்தான், ஏனெனில் 'அதைப் படிக்க' என்று செயப்படுபொருளை எச்சத்துக்கு முன்னால் வைத்தே பேசிப் பழகியவர்கள் நாம். என்னிடம் படிப்பவர்களின் குறிப்பேடுகளில் நான் சிவப்பு மையால் அதிகம் சுழித்த இடம் இதுவே.

ஆர், எர், இர் என்ற ஒலிகளில் முடியும் இந்த வடிவத்தை வெறும் எச்சம் என்று மட்டும் கற்பிப்பதும் போதாது. நம் 'படிக்க', 'படிப்பது' இரண்டின் வேலையையும் அது ஒன்றே செய்கிறது. 'லெயெர்லோ எஸ் ஃபாசில்' என்றால் 'அதைப் படிப்பது எளிது'. 'பாரா லெயெர்லோ' என்றால் 'அதைப் படிப்பதற்காக'. இவ்விடங்களில் மாற்றுப்பெயர் தாவிச் சென்று நிற்க ஏற்ற முற்றுவினை எதுவும் இல்லாததால், ஒட்டி எழுதுவதைத் தவிர வேறு வழியே கிடையாது. விருப்பம், இயலுமை, கடமை போன்றவற்றைச் சொல்லும் சில வினைகளோடு வரும்போதுதான் முன்னால் வைக்கும் உரிமை கிடைக்கிறது. ஆகவே, மாற்றுப்பெயர் அந்த எச்சத்தின் செயப்படுபொருளாக இருக்கும்வரை, ஒட்டி எழுதுபவருக்குப் பிழை நேராது. தொடக்கநிலையில் இருப்பவருக்கு முதலில் சொல்லவேண்டிய விதி இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டு மாற்றுப்பெயர்கள் சேர்ந்து வரும்போது பாடம் இன்னும் சுவையாகிறது. 'தார்' என்றால் கொடுக்க. 'தார்மெலோ' என்றால் எனக்கு அதைக் கொடுக்க. நான்காம் வேற்றுமைப் பொருளில் வருவது முன்னாலும், இரண்டாம் வேற்றுமைப் பொருளில் வருவது பின்னாலும் நிற்கின்றன. 'எனக்கு அதை' என்ற நம் பேச்சின் வரிசையே அங்கும் இருப்பதால் இதை மனப்பாடம் செய்யவேண்டிய தேவையே இல்லை. 'அவருக்கு அதை' என்னும்போது மட்டும் 'லே லோ' என்று இரு லகர ஒலிகள் அடுத்தடுத்து வராமல், முதலாவது 'சே' என மாறி 'தார்செலோ' ஆகிறது. இரண்டையும் பிரிக்கவும் கூடாது. 'கியெரே தார்மெலோ' (அவர் எனக்கு அதைக் கொடுக்க விரும்புகிறார்) என்பதை 'மே லோ கியெரே தார்' என்று முழுவதுமாக முன்னால் கொண்டுபோகலாம். ஒன்றை முன்னால் வைத்து மற்றொன்றைப் பின்னால் விட்டால் வாக்கியம் உடைந்துவிடும். 'மே கியெரே' என்பது தனியே நின்றால் 'என்னை நேசிக்கிறார்' என்று பொருள்படும் என்பதையும் கற்பவர் அறிந்திருப்பது நல்லது.

அழுத்தக் குறியைப் பற்றிப் பாடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. எத்தனை மாற்றுப்பெயர் ஒட்டினாலும் குரலின் அழுத்தம் வினையின் பழைய இடத்தைவிட்டு நகர்வதில்லை. 'லெயெர்லோ'வில் அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசையில் விழுகிறது. சொல் உயிரொலியில் முடிவதால் குறி தேவையில்லை. 'தார்மெலோ'வில் அதே அழுத்தம் இப்போது கடைசியிலிருந்து மூன்றாவது அசையாக எண்ணப்படும் இடத்தில் விழுவதால் 'தார்' என்பதன் உயிரெழுத்தின் மேல் சாய்கோடு இட்டே ஆகவேண்டும். வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பவருக்கு இது காதிலேயே பிடிபடும்.

அடுத்த பாடத்தில் அந்த ஒரு வரியைத் திருத்தி, 'கியெரோ லெயெர்லோ', 'லோ கியெரோ லெயெர்' இரண்டையும் அருகருகே அச்சிட்டு, மாற்றுப்பெயரை இரு வினைகளுக்கும் நடுவில் தனியே வைத்து எழுதும் வடிவம் தவறு என்பதையும் குறிப்பிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்பானிய மொழி கற்பிக்கும் வாசகர் ஒருவர்