இன்ஜின இப்போதைக்கு எறக்காத

டேய் மாப்ள,

நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜ நாலஞ்சு வாட்டி கேட்டேன், வீட்ல என்னடா இது காலங்காத்தால கார் சத்தம்னு திட்டு வேற. மொதல்ல பாப்பாவுக்கு வேலை கெடச்சதுக்கு வாழ்த்து சொல்லிரு, சந்தோஷம்டா. எனக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கு, அத விடு.

உன் மாருதி 800 விஷயத்துக்கு வர்றேன். உங்க மெக்கானிக் இன்ஜின எறக்கணும், போர் பண்ணணும் (சிலிண்டர கடைஞ்சு பெருசாக்குறது)னு சொல்றாருன்னு சொன்னல்ல, அவர் வண்டிய ஒரு தடவையாச்சும் ஏத்தத்துல ஓட்டிப் பாத்தாரா? ஷெட்ல நிக்க வச்சு ஆக்சிலேட்டர மிதிச்சிட்டு சொன்னா எப்படி? சத்தம் எப்படி இருக்குங்கிறத விட எப்ப வருது எப்ப போகுதுங்கிறதுதான்டா முக்கியம். லோயர் கேம்ப் தாண்டி குமுளி மலை ரோடு ஏறும்போது மட்டும் கிண் கிண்னு வருது, கால எடுத்தா நின்னுருது, கியர கொறச்சாலும் அடங்கிருதுன்னு நீயே சொல்ற. எனக்கென்னமோ அது நாக்கிங் மாதிரிதான் தெரியுது. பெட்ரோல் எரிய வேண்டிய நேரத்துக்கு முன்னாடியே தாறுமாறா வெடிக்கிற சத்தம் அது. போன மாசம் ட்யூனிங் பண்ணேன்னு வேற சொன்ன, அப்ப டிஸ்ட்ரிப்யூட்டர (பிளக்குக்கு கரண்ட பிரிச்சு குடுக்குறது) திருப்பி டைமிங்க, அதாவது ஸ்பார்க் விழுற நேரத்த, கொஞ்சம் முன்னாடி வச்சு விட்டுருப்பாங்க. டைமிங் லைட் (அந்த நேரத்த பாக்குற லைட்) இருக்குற ஆளா பாத்து சரியா வைக்கச் சொல்லு, அரை மணி நேர வேலை. அதுக்கும் அடங்கலன்னா உள்ள கார்பன் படிஞ்சிருக்கலாம், இல்ல இன்ஜின் ஓவரா சூடாகலாம், ரேடியேட்டர் தண்ணியப் பாரு. ஆனா சத்தத்தோட அப்படியே மலை ஏறிக்கிட்டே இருக்காத, பிஸ்டன தின்னுரும்.

இன்ஜின எறக்குற அளவுக்கு உள்ள பேரிங் போனா வர்ற சத்தம் வேறடா. அது கீழருந்து டொக் டொக்னு கனமா வரும், இன்ஜின் சூடாக சூடாக ஆயில் இளகி இன்னும் ஜாஸ்தியாகும். சந்தேகம்னா ஐடில்ல (ஆக்சிலேட்டர் மிதிக்காம) ஓடவிட்டு மூணு பிளக் ஒயரையும் ஒவ்வொண்ணா புடுங்கிப் பாக்கச் சொல்லு (ரப்பர் கிளவுஸ் இல்லாம நீ கை வைக்காத, தூக்கி அடிச்சிரும்). எந்த சிலிண்டர் ஒயர எடுத்தா சத்தம் கொறையுதோ அந்த சிலிண்டரோட கனெக்டிங் ராடு (பிஸ்டனோட சேர்ற தண்டு) பேரிங்தான் போயிருக்கும். உன்னுது கார்புரேட்டர் வண்டிங்கிறதால தைரியமா சொல்றேன், எம்பிஎஃப்ஐ (கம்ப்யூட்டர் வச்சு பெட்ரோல பீச்சுற) வண்டில இந்த வேலை வச்சுக்கக் கூடாது. மத்தபடி ஐடில்ல உதறுதுன்னு கவலப்படாத, மாருதி 800க்கு மூணு சிலிண்டர்தான, அது பொறவிக் குணம்.

என் வண்டி கதையக் கேளு. காலைல ஸ்டார்ட் பண்ணா டிக் டிக் டிக்னு தையல் மிஷின் மாதிரி ஓடும், ஒரு ரெண்டு மூணு கிலோமீட்டர் போனா சத்தமே இருக்காது. எல்லாரும் டேப்பட்டு, அதாவது வால்வுக்கு மேல இருக்குற இடைவெளி ஜாஸ்தியாயிருச்சுன்னாங்க. வால்வ் கவர கழட்டி ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற மெல்லிசு தகடு) விட்டுப் பாத்தா ஆறு வால்வும் கரெக்டா இருக்கு. எங்க மெக்கானிக் அண்ணன் நீளமான ஸ்க்ரூட்ரைவர் பிடிய காதுல வச்சு, முனைய ஒவ்வொரு எடமா வச்சு கேட்டாரு, ஹெட்டுல (வால்வெல்லாம் இருக்குற மேல் பாகம்) ஒண்ணுமில்ல. அப்பறம் டார்ச் அடிச்சு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (பொகை வெளிய போற குழாய்) ஹெட்டோட சேர்ற எடத்தப் பாத்தா, ஓரமா கரிக்கோடு விழுந்துருக்கு. நடுவுல இருக்குற கேஸ்கட் போயி பொகை அது வழியா அடிக்குது. சூடாகி இரும்பு விரிஞ்சதும் இடுக்கு அடைஞ்சிரும், சத்தமும் நின்னுரும். அம்புட்டுதான்.

கேஸ்கட் விலை சல்லிசுதான், ஆனா அந்த குழாய புடிச்சிருக்குற துரு புடிச்ச ஸ்டட்டு போல்ட்டுதான் உயிர வாங்கிருச்சு. ராத்திரியே துரு எடுக்குற ஸ்ப்ரே அடிச்சு ஊற வச்சும் ஒண்ணு ஒடஞ்சு உள்ளயே நின்னுருச்சு. டிரில் போடலாமான்னு நான் கேக்க, அண்ணன் வேணாம், ஹெட்டு அலுமினியம், டிரில் சறுக்குனா மரை போயிரும்னுட்டு வெல்டர கூப்ட்டாரு. ஒடஞ்ச முனை மேல ஒரு நட்ட வச்சு உள்ளாற பத்த வச்சாரு, அந்த சூட்லயே துரு விட்டுருச்சு போல, ஸ்பேனர் போட்டு கொஞ்சம் முன்ன கொஞ்சம் பின்னன்னு ஆட்டி ஆட்டி திருப்புனா வெண்ணெய்ல இருந்து வர்ற மாதிரி வெளிய வந்துருச்சு. பாத்துக்கிட்டிருந்த எனக்கு விசில் அடிக்கணும் போல இருந்துச்சு.

நீ மொதல்ல டைமிங் மட்டும் பாத்துட்டு குமுளி வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டு. பாப்பாவ பக்கத்துல உக்கார வச்சு ஏத்தத்துல சத்தத்த ரெக்கார்ட் பண்ணி அனுப்பச் சொல்லு, ஜன்னல ஏத்திக்க, இல்லன்னா காத்து சத்தம்தான் கேக்கும். அதுவரைக்கும் இன்ஜின எறக்கச் சொன்ன அந்தாளுக்கு அட்வான்ஸ் பணம்னு எதுவும் குடுத்துறாத.

உன் மாப்ள