பகல் வெயிலில் மின்னேற்றட்டும் மட்டக்களப்பு பஸ்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

காலை ஏழு மணிக்குக் கல்லடிப் பாலத்தடியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பாடசாலைப் பிள்ளைகளைத் தினமும் காண்கிறேன். பழைய பஸ்ஸொன்று புறப்படும்போது கக்குகின்ற கரும்புகை அவர்களின் வெள்ளைச் சீருடையில் படிகிறது. என் பேத்தியின் கழுத்துப்பட்டியில் விரலை வைத்துத் தேய்த்தால் கரி ஒட்டுகிறது; அதே புகைதான் அவளது நெஞ்சுக்குள்ளும் போகிறது.

மின்சார பஸ் ஓடுவதற்கு மட்டக்களப்பைப் போல் வாய்ப்பான ஊர் குறைவு. மேடுபள்ளம் இல்லாத நிலம். நகரிலிருந்து தெற்கே களுவாஞ்சிக்குடி ஆனாலும் வடக்கே செங்கலடி ஆனாலும் நாற்பது கிலோமீற்றரைத் தாண்டாது. ஒருமுறை மின்னேற்றினால் நூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல் ஓடக்கூடிய பஸ்கள் இன்று சாதாரணமாகக் கிடைக்கின்றன. நம்மைப் போலவே வெக்கையும் உப்புக்காற்றும் உள்ள சென்னையில், 2025 ஜூன் மாத இறுதியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ்கள் சேவையைத் தொடங்கின.

ஆனால் நான் வலியுறுத்த விரும்புவது பஸ்ஸை அல்ல, அதற்கு மின்னேற்றும் நேரத்தை. இரவில் டிப்போவில் நிறுத்திவைத்து மின்னேற்றினால், அந்த மின்சாரத்தில் கணிசமான பங்கு புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்திலிருந்து வரும். கல்லடியில் அடங்கிய புகை புத்தளத்தில் எழும், அவ்வளவுதான். மாறாக, பாடசாலையும் அலுவலகமும் தொடங்கிய பின் ஒன்பது மணி முதல் பாடசாலை விடும் நேரம் வரை பயணிகள் குறைவு. வெயில் உச்சத்தில் நிற்பதும் அந்நேரந்தான். அந்தப் பகல் மின்சாரத்துக்கு ஆளில்லாமல், 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சூரிய மின்தொகுதிகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபையே பாவனையாளர்களைக் கேட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெயிலைக் கொண்டு உண்டாக்கிய மின்சாரம் வேண்டாமென்று தடுக்கப்படும் நாட்டில், அந்நியச் செலாவணி கொடுத்து டீசல் வாங்கிப் பஸ் ஓட்டுவதை ஏற்க என் மனம் மறுக்கிறது. 2022இல் டீசல் இல்லாமல் பஸ்கள் நின்றபோது, கிளினிக் கொப்பியைக் கையில் பிடித்தபடி போதனா வைத்தியசாலைக்குப் போக வழியின்றி வீதியோரம் நின்ற முதியவர்களுள் நானும் ஒருத்தி.

மாரியில், குறிப்பாகக் கார்த்திகை, மார்கழி மாதங்களில், இங்கே வெயில் போதாது என்பது உண்மையே. அந்நாட்களில் தேசிய மின்வலையமைப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எஞ்சிய மாதங்களின் வெயிலை வீணாக்க அது ஒரு காரணம் ஆகாது.

ஆகவே, முதலில் நகரிலிருந்து களுவாஞ்சிக்குடி வரையான சேவைக்குச் சில மின்சார பஸ்களை ஒதுக்கி, டிப்போவின் கூரையிலும் தரிப்பிடத்தின் மேலும் சூரியத் தகடுகள் அமைக்குமாறு போக்குவரத்து அதிகாரிகளை வேண்டுகிறேன். எந்த பஸ் எந்நேரம் மின்னேற்றத்துக்கு நிற்கும் என்பதைப் பஸ் நேர அட்டவணையோடு சேர்த்தே தீர்மானித்து, பகல் மின்னேற்றம் என்ற நிபந்தனையைப் பஸ் வாங்குவதற்கான கேள்விப்பத்திரத்திலேயே (டெண்டர்) எழுதிவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கல்லடி, மட்டக்களப்பு.