பவர் பேங்கை மறக்காதே தம்பி

தம்பி,

வாட்ஸ்அப்பில் இவ்வளவு நீளமாகப் போட்டால் படிக்க மாட்டாய், அதனால் மெயில். முதலில் பவர் பேங்க். வெளியே கிளம்பும்போது எடுத்துக்கொள். மேப்பும் போனில், ட்ரெயினுக்குக் காசு கட்டுகிற சுய்கா கார்டும் போனில், சார்ஜ் இறங்கிவிட்டால் டோக்கியோவில் ஷிஞ்சுகு மாதிரி 200 வாசலுக்கு மேல் இருக்கிற ஸ்டேஷனில் எந்தப் பக்கம் போவாய்? கோபன் என்று அங்கங்கே போலீஸ் பூத் இருக்குமாமே, அங்கே கேள். உனக்குத் தெரியாததா, நான்தான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

ஏர்போர்ட்டில் வைத்து என் போனில் லொகேஷன் போட்டுக் கொடுத்தாயே, அதை நான் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. காலையில் காபி குடிக்கும்போது மட்டும். அக்கா கல்யாணத்தில் எடுத்த போட்டோ, நெற்றியில் சந்தனத்தோடு உன் முகம் டோக்கியோ மேல் ஊர்ந்து போவதைப் பார்க்கப் பெருமையாகத்தான் இருக்கும். எதிர்வீட்டு சாருக்கும் காட்டினேன், 634 மீட்டர் ஸ்கைட்ரீ பக்கத்தில் நிற்கிறான் பாருங்கள் என்று.

போன செவ்வாய்க்கிழமை இங்கே ஏழரை, உனக்குப் பதினொன்று. ஷிபுயா, ஷிஞ்சுகு, இகெபுகுரோ, உவேனோ, ஷினகவா, மறுபடி ஷிபுயா. யமனோட்டே லைன்தானே? 30 ஸ்டேஷன், ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம் என்று நீதான் சொன்னாய். மூன்று சுற்று. காபி ஆடை கட்டிவிட்டது. கூப்பிட்டேன், ‘ட்ரெயினில் பேசக் கூடாதுப்பா’ என்று மெசேஜ். சரி, அந்த ஊர் மரியாதை அது. ஆனால் சாயங்காலம் ஸ்டேட்டஸில் அசகுசா கோவில் வாசலின் பெரிய சிவப்பு விளக்கு, ‘இன்று ஊர் சுற்றல்’ என்று. விளக்கு மேல் நல்ல வெயில். அன்றைக்கு அங்கே நாள் முழுக்க மழை, போனிலேயே பார்த்தேன். யமனோட்டே அசகுசாவுக்குப் போகவும் போகாது. ஊருக்கெல்லாம் போட்டோ காட்டுகிறாய், அப்பனுக்கு இரண்டு வரி கிடையாது.

புதனும் அதே சுற்று. வியாழனும்.

2003-ல், நீ மூன்றாம் வகுப்பு, எனக்குக் கணக்கு முடித்து வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அம்மாவிடம் சொல்லவில்லை. இரண்டு மாதம் தினமும் எட்டரைக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு கிளம்பி, பெரியாரில் திருப்பரங்குன்றம் பஸ் ஏறுவேன். சரவணப் பொய்கைப் படியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் பெரியார், மறுபடி குன்றம். மூன்றாவது வாரத்திலிருந்து ஒரு கண்டக்டர் என்னிடம் டிக்கெட் கேட்பதை விட்டுவிட்டார். அந்த ஆள் முகத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. அந்த இரண்டு மாசமும் சம்பளம் என்று வீட்டில் கொடுத்தது வட்டிக்கு வாங்கினது. உன் சைக்கிளுக்கு நான் சொன்ன காரணம் பொய். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது, நீயும் சொல்லாதே.

செவ்வாய் காலை ஏழரைக்கு மாடியில் தனியாகத்தான் இருப்பேன். ட்ரெயினில் பேசக் கூடாதென்றால் ஏதாவது ஒரு ஸ்டேஷனில் இறங்கி, பெஞ்சில் உட்கார்ந்து கூப்பிடு. பவர் பேங்க் எடுத்துக்கொள்.

அப்பா