வலி மருந்துப் பரிசோதனை: வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறவர்கள்

ஆசிரியருக்கு,

வலி மருந்துகளுக்கான பரிசோதனைகளில் முதியோர், உடலுழைப்புத் தொழிலாளர், சிறுபான்மை இனத்தவர் போதிய அளவில் இல்லை என்ற பேச்சு எழும்போதெல்லாம், 'அவர்களுக்கு ஆராய்ச்சியில் நம்பிக்கை இல்லை' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அவநம்பிக்கை உண்டு, அதற்கு நியாயமும் உண்டு. ஆனால் சேர விரும்பி வந்தவர்களையே ஆய்வு நெறிமுறை, அதாவது ஆய்வை எப்படி நடத்துவது என்று எழுதிவைத்த திட்டம், திருப்பி அனுப்புகிறது. முதலில் திருத்த வேண்டியது அதைத்தான்.

இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். கோடீன் என்ற வலி மருந்தின் வலி குறைக்கும் வேலை பெரும்பாலும் அது மார்பினாக மாறிய பிறகே நடக்கிறது. கல்லீரலில் உள்ள சிஒய்பி2டி6 என்ற நொதி அதை மாற்றுகிறது. நொதி செயல்படாதவருக்கு மாத்திரையால் பெரிய பலன் இல்லை. மிகை வேகத்தில் செயல்படுகிறவருக்கு மார்பின் ஏறி மூச்சு அடங்கிவிடலாம். செயல்படாதவர்கள் ஐரோப்பிய வம்சாவளியில் 5 முதல் 10 சதவீதம், கிழக்கு ஆசியர்களில் சுமார் 1 சதவீதம். மிகை வேகக்காரர்கள் வட ஆப்பிரிக்கா, எத்தியோப்பியா பகுதிகளில் அதிகம். டான்சில் அறுவைக்குப் பின் கோடீன் பெற்ற குழந்தைகள் சிலர் இறந்ததால், 2013-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் கடும் எச்சரிக்கை விடுத்தது. முக நரம்பு வலிக்குத் தரப்படும் கார்பமாசெபைனும் இப்படித்தான்: எச்எல்ஏ-பி 15:02 மரபணு வகை உள்ளவர்களுக்கு அது தோல் உரியும் கொடிய ஒவ்வாமையை உண்டாக்கலாம். ஆசிய வம்சாவளியினருக்கு முதலில் மரபணுச் சோதனை செய்யச் சொல்லும் எச்சரிக்கை 2007-ல்தான் வந்தது. இனப்பெயரை மட்டும் குறித்துக்கொண்டால் இதெல்லாம் தெரியாது. பலதரப்பட்டவர்களைச் சேர்த்து, மரபணுவையும் அளக்க வேண்டும்.

அடைப்பு எங்கே இருக்கிறது? முதலில், யாரைச் சேர்க்கக் கூடாது என்று சொல்லும் விலக்குப் பட்டியலில். மூட்டுவலி மருந்தை அதிகம் சாப்பிடப்போவது எழுபது வயதைக் கடந்தவர்கள். அவர்களுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், வேறொரு வலி எல்லாம் சேர்ந்தே இருக்கும். முந்தைய நெறிமுறையிலிருந்து நகலெடுத்த பட்டியல் இவர்களை மொத்தமாகத் தள்ளிவிடுகிறது. ஒவ்வொரு விலக்குக்கும் எதிரே அதன் பாதுகாப்புக் காரணத்தை எழுதுங்கள். எழுத முடியாததை அடித்துவிடுங்கள். சிறுநீரகம் பழுதானவரை இப்யூபுரூஃபன் வகை மருந்தின் ஆய்விலிருந்து விலக்குவது சரி. வயதுக்காக மட்டும் விலக்குவது சரியல்ல.

அடுத்தது, மருந்து தொடங்கும் முன் வரும் கண்காணிப்பு வாரம். பழைய மாத்திரையை நிறுத்தி, ஏழு நாளும் குறித்த நேரத்தில் வலியைப் பூஜ்யம் முதல் பத்து வரை பதிய வேண்டும். சராசரி பெரும்பாலும் 4 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் தகுதி. இரண்டு மூன்று நாள் பதிவு விடுபட்டாலே பலர் கழிக்கப்படுகிறார்கள். இரவு ஒன்பது மணிக்கு அலாரம் அடித்தால் இரவுப் பணியாளர் என்ன செய்வார்? நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டாமல் அவர் விழிக்கும் நேரத்தோடு கட்டலாம். செயலி இயலாதவருக்குத் தொலைபேசிப் பதிவை முதலிலிருந்தே அனுமதிக்கலாம். வலியோடு வேலைக்குப் போகிறவருக்கு அவசரத்துக்கு பாராசிட்டமால் தந்து, எண்ணிக்கையைக் கணக்கில் எடுக்கலாம்.

எண் அளவுகோலில் பழக்கமில்லாதவருக்கு முன்பயிற்சி தேவை. அவர் அனுபவித்த இரண்டு வலிகளை ஒப்பிட்டு எண் தரச் சொல்லிப் பார்க்கலாம். ஆனால் பாதியில் சிலருக்கு மட்டும் முகப்பட அளவுகோலுக்கு மாறினால் முடிவுகளைச் சேர்த்துப் பார்க்க முடியாது. 'இப்போது பரவாயில்லைதானே?' என்று ஊழியர் கேட்பதும் தவறு. ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெற்று மாத்திரை பெற்றவரும் ஆமாம் என்பார், மருந்தின் உண்மைப் பலன் மறைந்துபோகும்.

கோடீன், மார்பின் போன்ற ஓபியாய்டு வகை மருந்துகளின் ஆய்வுகளில் இன்னொரு ஆபத்து. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் கருத்த தோலில் ஆக்சிஜனை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். மூச்சு எண்ணிக்கையை முழு நிமிடம் எண்ணுவதும் கரியமில வாயுவை அளப்பதும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

பயணச் செலவையும் இழந்த கூலியையும், ஆய்வின் அறநெறியைக் கண்காணிக்கும் குழுவின் ஒப்புதலோடு, வந்த நாளிலேயே தர வேண்டும். கடைசியில் மொத்தமாகத் தருவது, விலக நினைப்பவரைக் கட்டிப்போடுவதாகும்.

அணுகியவர், சம்மதித்தவர், கழிக்கப்பட்டவர், கழித்த காரணம் ஆகியவற்றை வயது, பாலினம், இனம், மொழிவாரியாக மாதந்தோறும் பாருங்கள். இறுதி எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் எந்தப் படியில் ஆட்கள் உதிர்ந்தார்கள் என்பது தெரியாது.

பெயருக்குப் பத்துப் பேரைச் சேர்ப்பதும் பயன் தராது. மருந்தின் மொத்தப் பலனைக் கண்டறியத் தேவையான எண்ணிக்கையைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு பேர் இருந்தால்தான், அதே அளவுள்ள வேறுபாடு இரு பிரிவினரிடையே இருக்கிறதா என்று சொல்ல முடியும். இதைத் திட்டமிடும்போதே கணக்கிட வேண்டும்.

புதிய வலி மருந்து பற்றிச் செய்தி வெளியிடும்போது, அதன் பரிசோதனையில் யாரையெல்லாம் விலக்கினார்கள் என்பதையும் ஒரு வரி சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். மருந்துப் பரிசோதனைகளுக்கான பொதுப் பதிவேடுகளில் அந்தத் தகுதிப் பட்டியலை எவரும் படிக்கலாம்.

இப்படிக்கு,
வலி மருந்து ஆய்வுப் பணியாளர்கள்