விலையைத் திருத்தினால் இருப்பு ஏன் மாறுகிறது? மருந்துக்கடை மென்பொருள் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். வெள்ளிக்கிழமை இரவு நீங்கள் அனுப்பிய அப்டேட்டும், இருப்புக் கணக்கு தவறுகிறது என்று மறுநாள் காலை முதல் நான் பதிந்த நான்கு புகார்களும் உங்களுக்குத் தெரிந்தவைதான். நான்குக்கும் ஒரே பதில் வந்தது: “ஸ்டாக் பகுதியில் நாங்கள் கை வைக்கவே இல்லை.” அதை நான் நம்புகிறேன். என் கேள்வியே அதுதான். கை வைக்காத இடம் எப்படிக் கெட்டது?

ஞாயிறு மதியம் கடையை மூடிவிட்டு நானே சோதித்தேன். பத்து மாத்திரை கொண்ட அட்டை, இருப்பு 12. ஐந்து மாத்திரைக்கு பில் போட்டேன். 11.5 ஆக வேண்டிய இருப்பு 11 ஆனது. அடுத்து மூன்று மாத்திரைக்குப் போட்டேன். 11 அப்படியே நின்றது. பில் தொகையின் பைசாவை முழு ரூபாயாக்க நீங்கள் செய்த திருத்தம், இருப்பில் கழியும் அட்டைக் கணக்கையும் முழு எண்ணாக்கிவிடுகிறது. இரண்டுக்கும் ஒரே ஃபங்ஷனை, அதாவது கணக்குப் போடும் ஒரே நிரல் துண்டை, பொதுவில் வைத்திருக்கிறீர்கள் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இதனால் என்ன நடந்தது என்று கேளுங்கள். சனிக்கிழமை குடியாத்தத்திலிருந்து ஓர் அம்மா பேரனின் வலிப்பு மாத்திரைக்காக வந்தார். வேளை தவறக் கூடாத மருந்து. இழுப்பறையில் மூன்று அட்டைகள் இருந்தன. திரையிலோ இருப்பு சுழி, பில் வர மறுத்தது. பேட்ச் எண்ணோடு, அதாவது எந்தத் தயாரிப்புத் தொகுப்பில் வந்தது என்று காட்டும் எண்ணோடு, பில் போடாமல் அதை விற்க முடியாது. “மாத்திரை உன் கையில்தானே இருக்கிறது, தம்பி?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பரணில் கிடந்த பழைய பில் புத்தகத்தைத் தேடியெடுத்து, கார்பன் தாள் வைத்து எழுதிக் கொடுப்பதற்குள் ஒன்றேகால் மணி நேரம் ஆகிவிட்டது. அதுவரை மருந்துச் சீட்டை மடித்தும் பிரித்தும் நின்றுகொண்டே இருந்தார். வேலூருக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும்கூட நோயாளிகள் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். “நாளை வாருங்கள்” என்று அவர்களிடம் எந்த வாயால் சொல்வது?

விலைக் கணக்கையும் இருப்புக் கணக்கையும் பிரித்து வையுங்கள். நான் கேட்பது இது ஒன்றுதான்.

இது புதிய ஞானமும் அல்ல. மென்பொருளில் பின்னால் மாறக்கூடிய ஒவ்வொரு முடிவையும் ஒரு தொகுதிக்குள் (நிரலின் தனிப் பகுதிக்குள்) மறைத்து வைக்க வேண்டும், மற்றத் தொகுதிகள் அதன் உள்விவரத்தை நம்பி நிற்கக் கூடாது என்று கணினி அறிஞர் டேவிட் பர்னாஸ் 1972-லேயே எழுதினார். கல்லூரியில் கணினி படித்த எல்லோரும் தேர்வில் எழுதித் தேறிய பாடம். வேலைக்கு வந்ததும் ஏன் மறந்துபோகிறது? ஐரோப்பாவின் ஏரியான் 4 ராக்கெட்டில் ஒழுங்காக ஓடிய நிரலை ஏரியான் 5-க்கு அப்படியே எடுத்துக்கொண்டார்கள். புதிய ராக்கெட்டின் கிடைவேகம் (பக்கவாட்டில் நகரும் வேகம்) அதிகம். அந்த வேகத்தைச் சார்ந்த 64 பிட் எண்ணை, சிறிய எண்களை மட்டுமே கொள்ளும் 16 பிட் இடத்துக்குள் அடைக்க முடியாமல் நிரல் நின்றது. 1996 ஜூன் 4 அன்று, புறப்பட்டு 40 வினாடிக்குள் ராக்கெட் சிதறியது. இத்தனைக்கும் தரையை விட்டுக் கிளம்பிய பிறகு ஏரியான் 5-க்கு அந்தக் கணக்கே தேவையில்லை! ஓரிடத்தில் சரியாக ஓடியது எல்லா இடத்திலும் ஓடும் என்ற நம்பிக்கைக்குக் கொடுத்த விலை அது. எங்கள் கடையில் சிதற ராக்கெட் இல்லை, வரிசையில் நிற்கும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

ஆண்டுக் கட்டணத்தை ஒரு நாள் தாமதித்தால் நினைவூட்டல் வந்துவிடுகிறது. அப்டேட் அனுப்பும் முன்பு அரை அட்டை விற்றுப் பார்க்க ஒருவரும் இல்லையா? அப்டேட் வேண்டாம் என்றால் பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியையாவது எங்களுக்கு விட்டிருக்கக் கூடாதா?

கோபத்தில் ஏதேனும் கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆறு ஆண்டுகளாக இந்த மென்பொருளை நம்பித்தான் கடை நடக்கிறது. விலைக் கணக்கையும் இருப்புக் கணக்கையும் தயவுசெய்து பிரித்துத் தாருங்கள். அதற்கு நாளாகும் என்றால், பழைய பதிப்பை இந்த வாரத்துக்குள் திருப்பிக் கொடுங்கள். கார்பன் தாளில் இதுவரை 212 பில் எழுதியிருக்கிறோம். அத்தனையையும் மறுபடி கணினியில் ஏற்ற வேண்டும்.

இப்படிக்கு,
மருந்துக்கடைக் கணினிப் பொறுப்பாளர்,
வேலூர்