ஏறுவதைவிட இறங்குவதில்தான் ஆபத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வயதான நாய்களைப் பராமரிப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, காரில் ஏற்றும் சிரமத்தை 'ஒரு சாய்வுப் பலகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. லாப்ரடாரும் ஜெர்மன் ஷெப்பர்டும் வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் பெங்களூருவில் அல்சூர், காக்ஸ் டவுன் பக்கமே ஏராளம். அப்படி ஒரு பலகையை வாங்கி, நாய் அதில் கால் வைக்க மறுத்ததும் பால்கனியில் சாத்திவிட்ட வீடுகளுக்கும் குறைவில்லை. எனவே இந்தக் கடிதம்.

எல்லாரும் ஏற்றுவதைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். கெடுதல் நடப்பது இறங்கும்போது. நிற்கும் நாயின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்கள்தான் சுமக்கின்றன. இரண்டடி உயரத்திலிருந்து குதித்தால் மொத்த எடையும் விழும் வேகத்தோடு சேர்ந்து முன்காலின் முழங்கையிலும் தோளிலும் இறங்குகிறது. லாப்ரடார், ராட்வீலர், ஜெர்மன் ஷெப்பர்டு இனங்களில் இடுப்பு மூட்டு மட்டுமல்ல, முழங்கை மூட்டும் சரியாகப் பொருந்தாமல் வளர்வது சகஜம். பின்கால் வலியால் ஏற முடியாத நாயைத் தூக்கி ஏற்றிவிட்டு, இறங்கும்போது அதன் போக்கில் குதிக்க விட்டால், மிச்சமிருக்கும் முன்கால்களும் போய்விடும்.

கதவு திறந்ததும் பாய்வது குட்டியிலிருந்தே வந்த பழக்கம், வயதானாலும் போகாது. ஆகவே வண்டி நின்றதும், கதவைத் திறப்பதற்கு முன்பே, உள்ளிருப்பவர் ஹார்னஸில் (நாயின் மார்பைச் சுற்றி மாட்டும் வாரில்) லீஷை, அதாவது பிடிகயிற்றை, மாட்டிவிட வேண்டும். பிறகு கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, உடம்பால் வழியை மறித்துக்கொண்டு நிற்க வேண்டும். நீண்ட பயணம் என்றால் நாய் எழுந்து நின்று உடம்பை நீட்டி முறிக்க ஓரிரு நிமிடம் விட்டு, அதற்குப் பின் இறக்கலாம். படுத்தே வந்த மூட்டு உடனே மடங்காது. கழுத்துப் பட்டையைப் பிடித்து மட்டும் இழுக்கவே கூடாது. வயதான லாப்ரடார்களுக்குக் குரல்வளைத் தசை செயலிழக்கும் நோய் வருவதுண்டு. அந்த நிலையில் கழுத்து இறுகினால் மூச்சுத் திணறும்.

இனி சாய்வுப் பலகை. அதில் முதலில் பார்க்க வேண்டியது நீளம். தரையிலிருந்து டிக்கியின் விளிம்பு எவ்வளவு உயரமோ, அதைப் போல மூன்று மடங்கு நீளம் வேண்டும். 2 அடி உயரத்துக்கு 6 அடிப் பலகை வைத்தால் சாய்வு சுமார் 20 டிகிரி. மூட்டுவாதம் உள்ள நாயும் நடந்து ஏறும். 5 அடிப் பலகை என்றால் 24 டிகிரியை நெருங்கும், லேசான நொண்டல் உள்ள நாய்க்கு ஒப்பேறும். 4 அடி என்றால் 30 டிகிரி. அதில் நாய் நடக்காது, தாவத்தான் பார்க்கும். எஸ்.யூ.வி. வண்டிகளில் விளிம்பு இரண்டரை அடியைத் தொடுவதுண்டு, அங்கே ஆறடிப் பலகையே 25 டிகிரி ஆகிவிடும். கடைப் பெட்டியின் மேல் எத்தனை கிலோ தாங்கும் என்பதைக் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். நீளம் எங்கோ மூலையில் இருக்கும், தேடிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

தச்சரிடம் சொல்லிச் செய்துகொள்வதே நல்லது என்பது என் கருத்து. மைசூர் சாலை டிம்பர் யார்டு பக்கம் 8க்கு 4 பிளைவுட் ஷீட் ஒன்று, 12 எம்.எம்., தண்ணீர் தாங்கும் ரகம் வாங்கினால், ஒன்றரை அடி அகலத்தில் இரண்டு ஆறடிப் பலகைகள் கிடைக்கும். இரண்டு வீட்டார் சேர்ந்து வாங்கலாம். ஒரு பலகை சுமார் ஆறரை கிலோ வரும். 18 எம்.எம். என்றால் பத்து கிலோ, தினமும் எடுத்து வைக்க மனம் வராது. ஆனால் 12 எம்.எம். மட்டும் போட்டால் 35 கிலோ நாய் நடுவில் வரும்போது பலகை ஊஞ்சல் மாதிரி ஆடும், நாய் அதோடு பின்வாங்கிவிடும். எனவே அடியில் நீளவாக்கில் இரண்டு ரீப்பர்களை (ஒடுக்கமான மரச்சட்டங்களை) குத்துவாக்கில் வைத்து, பசையும் ஸ்க்ரூவும் சேர்த்துப் பிணைக்க வேண்டும். ரீப்பர் எடை கூடினாலும் ஆட்டம் நின்றுவிடும்.

நடுவில் மடிக்க வேண்டுமென்றால் கீல் எங்கே போடுவது என்பதில்தான் தச்சர்களே தவறுகிறார்கள். கீலை மேல்பக்கம் போட்டால், எடை விழுந்ததும் இணைப்பு கீழே வாய் பிளந்து பலகை மடங்கிவிடும். ரீப்பரின் அடியில் போட்டால், மேல் விளிம்புகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும். ஸ்க்ரூ நாளடைவில் தளரும், ஆகவே கீலுக்கு நட்டு போல்ட்டுதான். மேலே ஒட்டும் ரப்பர் பாயை இணைப்புக்கு நேராக வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் மடிக்கும்போது கிழியும்.

பிடிமானத்துக்கு வரிவரியான ரப்பர் பாய் போதும். செயற்கைப் புல் விரிப்பும் நன்றாகப் பிடிக்கும். உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பான பட்டை ஒட்டினால் பாதம் உரியும். அலுமினியப் பலகை ஏப்ரல் வெயிலில் பத்து நிமிடம் கிடந்தால் நாம் கை வைக்க முடியாது, நாய் எப்படிக் கால் வைக்கும்? மழைக்காலத்தில் காரில் ஒரு பழைய துண்டு இருக்கட்டும், பலகையையும் நாயின் பாதத்தையும் துடைத்த பிறகே ஏற்ற வேண்டும். இரண்டு ஓரங்களிலும் மஞ்சள் டேப் ஒட்டினால் கண் மங்கிய நாய்க்கும் விளிம்பு தெரியும். சிவப்பு டேப்பால் பயனில்லை, நாய்க்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது.

பலகை பின்னால் வழுக்குவதுதான் பெரிய விபத்து. மேலே போய்ச் சேரும் கடைசி எட்டில் நாய் பின்கால்களால் உந்தும். அந்த உந்தலில் பலகை விளிம்பைவிட்டு நழுவும். ஒரு தரம் நழுவிவிட்டால், மறுபடி அதில் கால் வைக்க அந்த நாய் வெகுநாள் மறுக்கும். பலகையின் மேல்முனையில் ஒரு கொக்கிக் கயிறு கட்டி, டிக்கிக் கதவு பூட்டிக்கொள்ளும் இரும்பு வளையத்தில் மாட்டுங்கள். கீழ்முனையில் ரப்பர் கட்டை வைக்கவும். அடுக்ககங்களின் பார்க்கிங் தரை பெரும்பாலும் வழவழப்பாகத்தான் இருக்கிறது. தூண்களுக்கு நடுவே நிறுத்திய இடத்திலேயே ஏற்ற முயலாதீர்கள். பலகைக்கு ஆறடி, நாய் நேராக வந்து நிற்க மூன்றடி என்று வண்டிக்குப் பின்னால் ஒன்பதடியாவது வேண்டும். வண்டியைச் சமதளத்துக்குக் கொண்டுவந்து, கியரில் போட்டு, கைபிரேக்கும் இழுத்த பிறகு ஏற்றுங்கள்.

நடைபாதை உயரம் 15 செ.மீ.க்கு மேல் கூடாது என்கிறது இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 103 வழிகாட்டுதல். நம் ஊரில் ஓரடி உயர நடைபாதைகள் எத்தனை! நடப்பவர்கள் சபிக்கும் அந்த உயரம் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கைகொடுக்கிறது. பின்புறம் நடைபாதையைப் பார்க்க வண்டியை நிறுத்தி, பலகையின் கீழ்முனையை அதன் மேல் வைத்தால், இரண்டடி உயரம் ஓரடியாகிவிடும். ஆறடிப் பலகையில் சாய்வு 10 டிகிரிகூட இராது.

பழக்குவதற்கு அவசரம் ஆகாது. சில நாள் பலகையை வீட்டுத் தரையில் தட்டையாகப் போட்டு, அதன் மேல் சோறு வையுங்கள். பயமில்லாமல் நடந்த பிறகு ஒரு முனையை வாசற்படியில் ஏற்றுங்கள். கார் அதற்கு அப்புறம்தான். ஏற்றும்போது முன்னால் நின்று லீஷை இழுத்தால் நாய் நடுவழியில் பக்கவாட்டில் குதிக்கும். பக்கத்துக்கு ஒருவராக நின்று, நாயை அதன் வேகத்துக்கு விட வேண்டும். நகம் வளர்ந்திருந்தாலும், பாத மெத்தைகளுக்கு இடையே முடி நீண்டிருந்தாலும் எந்தப் பாயிலும் வழுக்கும்.

டிக்கியில் ஏற்ற முடியாத சிறிய கார்களுக்கும் செடான்களுக்கும் பெட்டிப் படிதான் வழி. மேலே சொன்ன ஷீட்டில் மிஞ்சும் ஒன்றரைக்கு இரண்டடித் துண்டை மேற்பலகையாக்கி, ஓரடி அகல மிச்சப் பட்டையைச் சுற்றுச்சுவராக்கினால் பெட்டி தயார். உயரம் கதவு விளிம்பில் பாதி இருக்கட்டும், எட்டு இன்ச் பெரும்பாலும் சரியாக வரும். உள்ளே முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தை ஃபோம் வைத்து நிரப்பாவிட்டால், படி ஏறிய நாய் அந்தப் பள்ளத்தில் கால் மாட்டி விழும். வழுக்கும் ரெக்சின் சீட்டில் ஒரு ஜமக்காளம் விரியுங்கள். தரை தாழ்ந்து, கதவு பக்கவாட்டில் நகரும் மாருதி ஈகோ வேன் மாதிரி வண்டி இருப்பவர்களுக்குப் பெட்டியே போதும்.

தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் இருவர் தேவை. பிரிட்டனின் தொழிற்பாதுகாப்பு வழிகாட்டுதல், உடலோடு ஒட்டி இடுப்பு உயரத்தில் தூக்குவதற்கே ஆணுக்கு 25 கிலோ, பெண்ணுக்கு 16 கிலோ என்று வரம்பு சொல்கிறது. வளர்ந்த லாப்ரடார் பெரும்பாலும் 25 கிலோவைத் தாண்டிவிடும். ஒருவர் ஒரு கையை மார்புக்கு முன்னாலும் மறு கையை முன்கால்களுக்குப் பின்னால் விலாவுக்கு அடியிலும் கொடுக்க, மற்றவர் பின்தொடைகளைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். இருவரும் முழங்காலை மடக்கி, 'ஒன்று இரண்டு மூன்று' சொல்லி ஒரே நேரத்தில் எழும்ப வேண்டும், நாயின் முதுகு நேராக இருக்க வேண்டும். அக்குளில் கைகொடுத்துக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கினால் தோள் மூட்டு விலகும் வலி வரும். ஆண் நாய்க்கு வயிற்றடியில் துண்டு போட்டுத் தூக்கினால் குறியை அழுத்தும், கால் நுழையும் ஓட்டையுள்ள பின்பக்க ஹார்னஸ்தான் அதற்குச் சரி. முன்கால்களை விளிம்பில் வைக்கச் சொல்லிப் பின்புறத்தைத் தள்ளிவிடுவது பலர் செய்யும் முறை. கால் மட்டும் சற்றுத் தளர்ந்த நாய்க்கு அது சரிதான். இடுப்பு மூட்டோ கீழ்முதுகோ கெட்ட நாய்க்கு அந்த நிலையே கடும் வலி. வலியில் சாதுவான நாயும் கடிக்கும், முகத்தை அதன் வாய் அருகே கொண்டுபோகாதீர்கள்.

கார் அருகே வந்ததும் தயங்கி நிற்கும் நாயை 'அடம் பிடிக்கிறது' என்கிறார்கள். பல நேரம் அது மூட்டுவலியின் முதல் அடையாளம், மருத்துவரிடம் காட்ட வேண்டும். மனிதருக்கான ஐபுபுரூஃபன் மாத்திரை நாய்க்கு விஷம், கொடுக்கவே கூடாது. எடை கூடிய 40 கிலோ நாய்க்கு இரண்டரை கிலோ குறைந்தாலே நொண்டல் கண்ணுக்குத் தெரியும்படி குறைகிறது. பலகைக்குச் செலவழிக்கும் முன் சாப்பாட்டுத் தட்டைப் பாருங்கள்.

இந்த நகரத்தின் கால்நடை மருத்துவமனைகளுக்கும் ஒரு வேண்டுகோள். வாசலில் ரப்பர் ஒட்டிய பெட்டிப் படி ஒன்றும், நான்கு மூலையிலும் கைப்பிடி தைத்த கனமான கித்தான் விரிப்பு ஒன்றும் வைத்தால் பெரிய செலவில்லை. ஊசி போடுவது, தையல் பிரிப்பது போன்ற சிறு வேலைகளுக்கு முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டால், மருத்துவர் வண்டிக்கே வந்து பார்க்கும் ஏற்பாட்டையும் செய்யலாம். அப்படிச் செய்யும் இடங்கள் இருந்தால், அதை வாசலில் ஒரு பலகையில் எழுதி வைக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காக்ஸ் டவுன், பெங்களூரு.