அரிசி அந்தும் மாவு அந்தும்

செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள குணா,

கடிதமும் படங்களும் கிடைத்தன. பேத்தி இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்றுக்குப் போய்விட்டாள் என்றதும் மனம் நிறைந்தது.

இனி அந்துப்பூச்சி. உன் பினாங்குக் கடையில் பறப்பது ஒன்றல்ல, இரண்டு வகை. எது எங்கே என்று பிரிக்காமல் மருந்து வாங்கினால் காசுதான் வீண்.

கூரை மூலையில் இருப்பது மாவு அந்து. முன்சிறகில் உடம்பையொட்டிய மூன்றில் ஒரு பங்கு வெளிறிய சாம்பல், மீதி செம்பு நிறம். மூட்டையில் ஒட்டியிருப்பது அரிசி அந்து. சற்றுப் பெரிது, மங்கிய சாம்பல் பழுப்பு, பட்டை கிடையாது. சிறகு நரம்புகள் மட்டும் லேசாகக் கருத்திருக்கும். சாக்கு நிறத்தோடு நிறமாகக் கிடப்பதால் கண்ணில் படாது.

நீ மாட்டிய பசைப்பொறியில் இருப்பது மாவு அந்துப் பெண்ணின் வாசனை. ஆண்கள்தான் வந்து ஒட்டும். அரிசி அந்து, தேன்கூட்டை அழிக்கும் மெழுகு அந்தின் இனம். அதில் ஆணே சிறகுச் சுரப்பியிலிருந்து வாசனை விட்டுப் பெண்ணை அழைக்கும். ஆகவே பொறி காலியாக இருப்பதால் அரிசி சுத்தம் என்று நினைத்துவிடாதே. மூட்டைக்குள் கைவிட்டு அள்ளிப் பார். அரிசி உதிராமல் கட்டியாக வந்தால் பிய்த்துப் பார். பட்டு நூல் குழாயும், அதற்குள் வெளிறிய புழுவும், எச்சமும் இருக்கும். வண்டு நூல் கட்டாது.

மாவு அந்தின் புழு முற்றியதும் தீனியை விட்டுச் சுவரேறிக் கூடு கட்டும். அதனால் கூரையை மட்டும் துடைத்துப் பயனில்லை. கச்சான் (நிலக்கடலை), முந்திரி, திராட்சைப் பொட்டலங்களைத் தேடு. காய்ந்த மிளகாயையும் விடாதே, அதையும் தின்னும். அரிசியில் மிளகாய் போட்டு வைப்பதில் எனக்கு நம்பிக்கையில்லாத காரணம் இதுதான்.

புழு கண்ட சரக்கைக் கட்டிக் குப்பையில் போடு, விற்காதே. பக்கத்தில் இருந்த நல்ல சரக்கை ஒரு கிலோ பொட்டலங்களாக்கி, உறைபெட்டியில் −18 பாகையில் ஒரு வாரம் வை. முழு மூட்டையாக வைத்தால் நடுவில் குளிர் ஏறாமல் முட்டை தப்பிவிடும். வெளியே எடுத்ததும் பிரிக்காதே; அறைச் சூட்டுக்கு வந்தபின் பிரி, இல்லையென்றால் நீர் கோத்து அரிசி பூஞ்சணம் பிடிக்கும். மெல்லிய பிளாஸ்டிக்கை இரண்டு புழுவுமே கடித்துத் துளைக்கும். ரப்பர் வளையம் வைத்த மூடியுள்ள டப்பாதான் சரி.

தட்டுகளின் இடுக்குகளைத் தூசு உறிஞ்சியால் இழுத்து, அந்தப் பையை அன்றே வெளியே போடு. நம் ஊர் சூட்டில் முட்டை பூச்சியாக ஏறக்குறைய ஒரு மாதம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும், அதனால் இரண்டு மாதமாவது வாரந்தோறும் மூட்டைகளைச் சோதி. பழைய சாக்கைப் புதுச் சரக்கின் பக்கம் கொண்டு வராதே.

கட்டி எந்த மூட்டையில் கிடைத்தது என்று எழுது.

அன்புடன்,
சேகர்